அகினால்டோ வீடு, கேசான் நினைவிடம்: மியூசியங்களுக்கு முழு மார்க், கூட்டிப்போன வேனுக்கு முட்டை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், முழுசாகப் படிக்க நேரமில்லாதவர்கள் இதோடு போய்விடலாம். மணிலாவில் இருக்கிறீர்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா இருக்கிறது என்றால், கவித்தே மாகாணத்தில் காவிட் என்ற ஊரில் இருக்கும், பிலிப்பைன்ஸின் முதல் அதிபர் எமிலியோ அகினால்டோவின் வீட்டுக்குப் போய் வாருங்கள். கேசான் சிட்டியில் இருக்கும், பின்னாளில் அதிபரான மனுவல் கேசானின் நினைவிடத்தையும் பாருங்கள், ஆனால் அதை வேறொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே நாளில் காட்டுகிறேன் என்று யாராவது வேன் பிடித்து வந்தால் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். நாங்கள் அப்படி அனுப்பாமல் ஏறி உட்கார்ந்துவிட்டோம், அதனால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மச்சினன் ஊரிலிருந்து வந்திருந்தான். பி.ஏ. வரலாறு படித்தவன், பீச்சுக்குப் போகலாமா என்று கேட்டால் முகத்தைச் சுளிக்கிற ரகம். "மாமா, இந்த ஊர் ஆரம்பகால அதிபர்களைப் பற்றி ஏதாவது பார்க்கணும்" என்றான். நான் மகாதியில் ஐந்து வருஷமாக வேலை பார்க்கிறேன், எனக்குத் தெரிந்த அதிபர்கள் எல்லாம் ரூபாய் நோட்டில், மன்னிக்கவும், பெசோ நோட்டில் இருப்பவர்கள் மட்டும்தான். சரி, நாமும் தெரிந்துகொள்ளலாமே என்று ஆன்லைனில் ஒரு சுற்றுலா பிடித்தேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். ஆளுக்கு 2,500 பெசோ. காலையில் காவிட், மதியம் மலோலோஸ் பராசோவாயின் தேவாலயம், மாலையில் கேசான் நினைவிடம் என்று போட்டிருந்தார்கள். மேப்பைத் திறந்து பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். காவிட் மணிலாவுக்குத் தெற்கே இருக்கிறது, மலோலோஸ் வடக்கே புலாகானில் இருக்கிறது, நடுவில் மெட்ரோ மணிலா முழுதும் படுத்துக்கிடக்கிறது. இந்த ஊர் டிராஃபிக்கில் அது ஒரு நாளில் நடக்கிற காரியமா?

ஏழு மணிக்கு வரவேண்டிய வேன் எட்டேகாலுக்கு வந்தது. ஏசி முன்சீட்டுக்கு மட்டும் வேலை செய்தது. அதைப் பற்றி இதற்குமேல் எழுதினால் எனக்கே சலிப்பு, விடுங்கள்.

காவிட் வீட்டுக்கு வருகிறேன். தேசிய வரலாற்று ஆணையம் நடத்தும் மியூசியம் இது, நுழைவுக்கட்டணம் கிடையாது, திங்கள்கிழமை விடுமுறை. ரோட்டிலிருந்து பார்த்தாலே நடுவில் ஒரு கோபுரம் எழும்பி நிற்கிறது, வீடா, சர்ச்சா என்று ஒரு நொடி குழப்பும். முன்பக்கத்தில் அந்தப் புகழ்பெற்ற பால்கனி. 1898 ஜூன் 12 அன்று இங்கேதான் ஸ்பெயினிடமிருந்து விடுதலை பெற்றதாக அறிவித்தார்கள், ஒவ்வொரு ஜூன் 12க்கும் இப்போதும் இங்கே கொடி ஏற்றுகிறார்கள். எங்கள் வழிகாட்டி வேனை விட்டு இறங்கியதும் பால்கனியைக் காட்டி, இங்கே நின்றுதான் அகினால்டோ விடுதலையை வாசித்தார் என்று ஒரே போடாகப் போட்டார்.

இரண்டுமே தப்பு. வாசித்தவர் அம்ப்ரோசியோ ரியான்சாரெஸ் பாவுதிஸ்தா, அந்தப் பிரகடனத்தை எழுதியவரும் அவர்தான். பால்கனி அப்போது இல்லவே இல்லை, அங்கே இருந்தது ஒரு ஜன்னல். அகினால்டோ 1919க்குப் பிறகு வீட்டைப் பெரிதாக்கியபோதுதான் பால்கனி வந்தது. இது ஏதோ ரகசியச் செய்தி இல்லை, கொஞ்சம் படித்தாலே தெரியும். ஆனால் பழைய 5 பெசோ நோட்டின் பின்பக்கத்திலேயே பால்கனியைத்தான் வரைந்திருந்தார்கள் என்னும்போது வழிகாட்டியை மட்டும் குறை சொல்லி என்ன பயன். மச்சினன் என் காதில், "மாமா, ஜன்னலை பால்கனியாக்கினவர் வீட்டுக்காரரேதான், அதை மறந்துடாதீங்க" என்றான். அந்த ஒரு வரி அன்று முழுக்க என்னோடு வந்தது.

ஏனென்றால் இந்த வீட்டில் பார்க்கவேண்டியதே அதுதான். பொதுவாக ஒரு தலைவர் செத்த பிறகு மற்றவர்கள் நினைவுச்சின்னம் கட்டுவார்கள். அகினால்டோ, தான் இருக்கும்போதே தன் வீட்டைத் தானே வரைந்து, தானே செதுக்க வைத்து, நினைவுச்சின்னமாக மாற்றிக்கொண்டார். மேல்தளத்துப் பெரிய கூடத்துக்குப் போனதும் தலையைத் தூக்கிக் கூரையைப் பாருங்கள். தாய்நாட்டைப் பெண்ணாக உருவகித்து, கையில் கொடியோடு, மரத்தில் புடைப்பாகச் செய்திருக்கிறார்கள். சாப்பாட்டு அறைக் கூரையில் பிலிப்பைன்ஸ் வரைபடம், அதில் அவருடைய சொந்த மாகாணமான கவித்தே மட்டும் சிவப்பில். புரட்சியில் எரிந்தது எங்கள் மண் என்று சாப்பிட உட்காரும் ஒவ்வொரு விருந்தாளிக்கும் கூரையிலிருந்தே சொல்கிற ஏற்பாடு! சோற்றைப் பிசைந்துகொண்டே நிமிர்ந்தால் மனுஷனின் மாகாணப் பெருமை. எனக்கு அது பிடித்திருந்தது, சிரிப்பும் வந்தது. ரகசிய வழிகள் இருக்கின்றன, மறைவான பெட்டகங்கள் இருக்கின்றன, புரட்சிக்காரர்கள் கூடிப் பேசிய இடத்துக்குப் பாவிகள் கூடம் என்று பெயர். குழந்தைகளைக் கூட்டிப்போனால் இந்த மறைவு வழிகளே போதும், அரை நாள் ஓடிவிடும்.

பொருட்களை விட எனக்கு மரவேலைதான் கண்ணில் நின்றது. படிக்கட்டுக் கைப்பிடியைத் தடவிப் பார்க்காதீர்கள், பாதுகாவலர் ஓடிவருவார் (எனக்கு நடந்தது). நல்ல மனிதர், திட்டவில்லை. நான் கேட்டதற்குப் பொறுமையாகப் பதில் சொன்னதும் அவர்தான், நாங்கள் காசு கொடுத்த வழிகாட்டி இல்லை. அவர் வாயிலிருந்துதான் தெரிந்தது, அந்த 12ஆம் தேதி வாசித்த தேசிய கீத இசைக்கு அன்றைக்கு வரிகளே கிடையாது என்பது. ஹூலியான் பெலிப்பே மெட்டுப் போட்டார், பேண்ட் வாசித்தது, ஹோசே பால்மாவின் கவிதை அதன்மேல் வந்து உட்கார்ந்தது அடுத்த வருஷம். கொடியோ ஹாங்காங்கில் தைத்தது. மார்செலா அகோன்சிலோவும் அவர் மகளும், இன்னொரு பெண்ணும் சேர்ந்து தைத்தார்கள், அந்த இன்னொரு பெண் டெல்ஃபினா எர்போசா, தேசிய வீரர் ரிசாலின் சகோதரி மகள்.

இப்போது கொஞ்சம் கசப்பான பகுதி. மச்சினன் வழிகாட்டியிடம் போனிஃபாசியோவைப் பற்றிக் கேட்டான். நியாயமான கேள்வி. ஸ்பெயினுக்கு எதிரான கதிபுனான் புரட்சி இயக்கத்தை ஆரம்பித்தவர் ஆந்த்ரேஸ் போனிஃபாசியோ. 1897 மார்ச் 22 அன்று தெஹேரோஸில் கூடி வாக்கெடுத்தபோது, அந்த இடத்திலேயே இல்லாத அகினால்டோ தலைவரானார். அன்றைக்கு அவருக்குப் பிறந்தநாள் வேறு, 28 வயது. போனிஃபாசியோவுக்கு உள்துறை கிடைத்தது, வக்கீல் படிப்பு இல்லாத ஆளுக்கு அது எதற்கு என்று கூட்டத்திலேயே ஒருவர் எழுந்து கேட்க, அவமானப்பட்ட போனிஃபாசியோ எதுவுமே செல்லாது என்று வெளியேறினார். பிடித்தார்கள், விசாரித்தார்கள், மே 10 அன்று மாராகோன்டோன் மலைப்பக்கம் அவரையும் அவர் தம்பியையும் சுட்டுவிட்டார்கள், தம் ஆட்களே. இதெல்லாம் இதே கவித்தே மாகாணத்தில் நடந்தது. அதற்கு எங்கள் வழிகாட்டி சொன்ன பதில், "அது அரசியல் சார், போட்டோ எடுத்துக்கலாமா?"

சரி, எடுத்துக்கொண்டோம்.

அரசியல் இல்லாமல் அதிபர்கள் சுற்றுலா எப்படி நடத்துகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. 1899 ஜூன் 5 அன்று கபனாதுவானில் தளபதி அந்தோனியோ லூனாவைக் குத்திக் கொன்றவர்களும் அகினால்டோவின் சொந்தப் படையினர்தான். இவர் உத்தரவிட்டாரா இல்லையா என்று இன்றுவரை சண்டை ஓயவில்லை. இதைச் சொன்னால் வீட்டின் மதிப்பு குறைந்துவிடாது, கூடும். அந்தக் கூரைச் சிற்பங்கள், செதுக்கிய நாற்காலிகள், பெரிதாக்கிய பால்கனி எல்லாம் ஏன் இவ்வளவு சத்தமாகப் பேசுகின்றன என்று அப்போதுதான் புரியும். தன்னைப் பற்றி ஊர் வேறு விதமாகப் பேசுகிறது என்று தெரிந்த மனுஷன் கட்டிய வீடு இது. பிரகடனத்திலேயே அமெரிக்காவின் பாதுகாப்பில் என்று ஒரு வரி சேர்த்திருந்தார்கள், அகினால்டோவின் ஆலோசகர் மாபினிக்கு அது பிடிக்கவே இல்லை. அவர் பயந்தபடியே ஆறு மாதத்தில், 1898 டிசம்பரில், பாரிஸில் உட்கார்ந்து ஸ்பெயின் இந்த நாட்டை 2 கோடி டாலருக்கு அமெரிக்காவிடம் எழுதிக்கொடுத்தது. அப்புறம் போர், மலை, காடு, பின்வாங்கல். 1901 மார்ச் 23 அன்று இசபேலா மாகாணத்துப் பலானானில் ஃபன்ஸ்டன் என்ற அமெரிக்கத் தளபதி, தங்களைக் கைதிகள்போலக் காட்டிக்கொண்டு தந்திரமாகப் போய் அகினால்டோவைப் பிடித்தார். ஏப்ரலில் அமெரிக்காவுக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்தாகிவிட்டது. அதற்குப் பிறகும் கிட்டத்தட்ட 63 வருஷம் வாழ்ந்தார்! நாடு நிஜமாகவே விடுதலை பெறும்வரை கருப்பு பௌ டை கட்டிக்கொண்டே திரிந்தவர், 1946 ஜூலை 4 அன்றுதான் கழற்றினார். சுதந்திர தினத்தை ஜூலை 4லிருந்து ஜூன் 12க்கு மாற்றி, 1962ல் அதிபர் மகபகாலின் அரசு அறிவித்தபோது அகினால்டோவுக்கு 93 வயது. தன் ஜன்னல் ஜெயித்ததைப் பார்த்துவிட்டுத்தான், 1963ல் வீட்டை நாட்டுக்குக் கொடுத்து, 1964 பிப்ரவரியில் போனார். வீட்டுக்குப் பின்னால் தோட்டத்தில் பளிங்குக் கல்லறை. அங்கே ஐந்து நிமிஷம் நிம்மதியாக நிற்கலாம் என்று பார்த்தால் டிரைவர் ஹாரன் அடித்தார்.

பதினொன்றரைக்குக் கிளம்பினோம். கடலோர எக்ஸ்பிரஸ்வே வரை பரவாயில்லை, மணிலாவுக்குள் நுழைந்ததும் ஊர்வலம்தான். இரண்டு மணிக்கு வழிகாட்டி திரும்பிப் பார்த்து, மலோலோஸ் இன்றைக்கு முடியாது என்றார். பணத்தில் பாதியாவது திரும்பத் தருவீர்களா என்று கேட்டதற்கு, பதிலாக ஒரு மாலில் நாற்பது நிமிஷம் இறக்கிவிடுகிறேன் என்றார். கல்லைக் கண்டால் நாயைக் காணோம். மலோலோஸ் போகாமல் முதல் குடியரசைப் பார்த்தேன் என்று எப்படிச் சொல்வது? 1899 ஜனவரி 23 அன்று அகினால்டோ அதிபராகப் பதவியேற்றது அங்கேதான். அரசியல் சட்டம் எழுதிய காங்கிரஸ் கூடியதும் பராசோவாயின் தேவாலயத்தில்தான். மச்சினன் மாலில் இறங்கவே இல்லை, கோபத்தில் வேனிலேயே உட்கார்ந்துவிட்டான். அவன் அக்கா ஒரு செருப்பு வாங்கினாள், ஆகவே நாள் முழுதும் வீண் என்று சொல்ல முடியாது.

கேசான் நினைவிடத்துக்கு நாலு மணி சுமாருக்குப் போனோம். பெரிய வட்டமான பூங்கா, அதன் நடுவில் மூன்று தூண்கள் வானத்தைப் பார்த்து நிற்கின்றன. லூசோன், விசாயாஸ், மின்டனாவோ என்று மூன்றும் நாட்டின் மூன்று பகுதிகள், உச்சியில் ஒவ்வொன்றிலும் தலை குனிந்த ஒரு தேவதை, கையில் சம்பகீத்தா மாலை. சம்பகீத்தா வேறொன்றும் இல்லை, நம் மல்லிகைதான். 66 மீட்டர் உயரம். மனுவல் கேசான் 66 வயதில் இறந்தார், அதனால் 66 மீட்டர் என்று விளக்கம் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அவர் பிறந்தது 1878 ஆகஸ்ட் 19, இறந்தது 1944 ஆகஸ்ட் 1. பதினெட்டு நாள் குறைகிறது. 65 மீட்டர் தூண் கட்டுகிறேன் என்று எவன் டெண்டர் எடுப்பான், விடுங்கள். கட்டி முடிக்கவே கால் நூற்றாண்டு ஆகியிருக்கிறது, 1952ல் ஆரம்பித்து 1978ல்தான் முடிந்தது. மனுஷன் இறந்தது நியூயார்க் மாநிலத்தில் காசநோய் சிகிச்சைக்குப் போன இடத்தில், முதலில் புதைத்தது ஆர்லிங்டனில், பிறகு மணிலா வடக்குக் கல்லறை, 1979ல்தான் இங்கே. இறந்த பிறகும் இவ்வளவு பயணம் செய்தவர் குறைவு.

உள்ளே கல்லறை அறையில் சத்தம் போடாமல் நடக்கவேண்டும், நெப்போலியன் கல்லறையைப் பார்த்துச் செய்த வடிவம் என்கிறார்கள், மேலிருந்து எட்டிப் பார்க்கும்போது அப்படித்தான் தோன்றுகிறது. பக்கத்திலேயே அவர் மனைவி அவுரோராவும் இருக்கிறார், 1949ல் சாலையில் வழிமறித்துச் சுட்டுக் கொன்றார்கள் அவரை. மியூசியத்தில் கேசானின் உடைகளும் பொருட்களும் இருக்கின்றன. உடுத்துவதில் பேர்போன மனுஷன், பார்த்தாலே தெரிகிறது. ஆனால் காவிட் வீட்டில் இருந்த அந்த அந்தரங்கம் இங்கே இல்லை. அங்கே ஒருவர் தன்னைப் பற்றித் தானே பேசிக்கொண்டிருந்தார், இங்கே அரசாங்கம் ஒருவரைப் பற்றிப் பேசுகிறது. கேசானின் உண்மையான மியூசியம் வெளியே இருக்கிறது: 1939ல் அவர் உருவாக்கி, அவர் பெயரையே தாங்கி நிற்கும் இந்த நகரம், 1937 டிசம்பரில் தகாலோகை அடிப்படையாக வைத்து அவர் அறிவித்த தேசிய மொழி, அதே வருஷம் ஏப்ரலில் நடந்த பெண்கள் வாக்கெடுப்பு. 3 லட்சம் பெண்கள் சம்மதம் சொன்னால் வாக்குரிமை என்று சட்டத்தில் போட்டிருந்தார்கள், வந்து விழுந்தது 4,47,725. இந்த எண்ணைக் கேட்டதும் என் மனைவி செருப்புப் பையைக் கீழே வைத்துவிட்டு, "ஆம்பளைங்களுக்கு இப்படி ஒரு வாக்கெடுப்பு வச்சாங்களா?" என்று கேட்டாள். வைக்கவில்லை.

ஐரோப்பாவிலிருந்து தப்பி வந்த யூதர்கள் 1,200 பேருக்கு மேல் மணிலாவில் இடம் கொடுத்தவரும் இவர்தான், இன்னும் ஆயிரக்கணக்கில் வரவேண்டியது, போர் வந்து கெடுத்தது. இது எனக்கு அதுவரை தெரியாது.

இங்கேயே பூங்காவுக்குள் அதிபர்கள் கார் மியூசியம் என்று ஒன்று இருக்கிறது, அதைத் தவறவிடாதீர்கள். அகினால்டோவின் 1924 பாக்கார்டும் கேசானின் 1937 கிரைஸ்லர் ஏர்ஃப்ளோவும் ஒரே கூரைக்கு அடியில். ஏர்ஃப்ளோவின் மூக்கை நேருக்கு நேர் நின்று பாருங்கள், காற்றைக் கிழிக்கவேண்டும் என்று நீர்வீழ்ச்சி மாதிரி வழித்துவிட்ட முகம், அந்தக் காலத்து அமெரிக்கர்களுக்கே பிடிக்காமல் விற்பனையில் படுத்துவிட்ட மாடல். கேசானுக்கு அது பிடித்திருக்கிறது. பாக்கார்ட் பக்கத்தில் நின்றால் ஏதோ மிராசுதார் கோயிலுக்குக் கிளம்புவது போன்ற களை. 1935 அதிபர் தேர்தலில் இந்த இரண்டு பேரும் மோதினார்கள், அகினால்டோ படுதோல்வி. அதைவிட வேடிக்கை, கேசான் ஒரு காலத்தில் அகினால்டோவின் படையில் இளம் அதிகாரி. 1901ல் தலைவர் நிஜமாகவே பிடிபட்டுவிட்டாரா என்று பார்த்துவர மேலதிகாரி அனுப்ப, இன்றைக்கு அதிபர் மாளிகையாக இருக்கும் மலகன்யாங் மாளிகையில் காவலில் இருந்த அகினால்டோவை நேரில் பார்த்தவர் இவர். முப்பத்துநாலு வருஷம் கழித்து அவரையே தோற்கடித்து அதே மாளிகையில் போய் உட்கார்ந்தார்.

ஹோசே லாரலின் பாக்கார்டும் இருக்கிறது. ஜப்பான்காரர்கள் பிடித்து வைத்திருந்த 1943ல் அதிபரானவர் லாரல், துரோகி என்று ஒரு கூட்டம், மக்களைக் காப்பாற்றப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவர் என்று இன்னொரு கூட்டம். பதவியேற்பதற்கு நாலு மாதம் முன்பு கோல்ஃப் மைதானத்தில் அவரைச் சுட்டார்கள், பிழைத்துவிட்டார். வழிகாட்டி இவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, காருக்கு முன்னால் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்.

ஓஸ்மெஞாவுக்காகத்தான் எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. செபுக்காரர் செர்ஹியோ ஓஸ்மெஞா, கேசானை விட மூன்று வாரம் இளையவர், 29 வயதிலேயே சபாநாயகர். அவரைப் பற்றிக் கேட்டால், அவர் கேசானுக்குத் துணை அதிபர், அவ்வளவுதான் என்று பதில். 1943 நவம்பரில் கேசானின் பதவிக்காலம் முடிகிறது, இருவரும் அமெரிக்காவில் அகதிகளாக இருக்கிறார்கள், சட்டப்படி நாற்காலி ஓஸ்மெஞாவுக்கு. படுத்த படுக்கையாய்க் கிடந்த நண்பருக்காக, அவரே தொடரட்டும் என்று அமெரிக்க நாடாளுமன்றத்தில் தீர்மானம் கொண்டுவரச் சம்மதித்தார். அந்தக் காலத்திலும் இந்தக் காலத்திலும் இப்படி ஒரு ஆளைக் காட்டுங்கள் பார்ப்போம். பிறகு அதிபராகி, 1944 அக்டோபர் 20 அன்று அமெரிக்கத் தளபதி மக்ஆர்தரோடு லெய்ட்டே கடற்கரையில் முழங்கால் தண்ணீரில் நடந்து வந்தார், படத்தில் எல்லாரும் பார்ப்பது மக்ஆர்தரை மட்டும். 1946 தேர்தலில் ஊர் ஊராகப் போய் ஓட்டுக் கேட்க மறுத்து, ரொஹாஸிடம் தோற்றார். இவருக்கு என்று ஒரு தனிச் சுற்றுலா வைக்கலாம், வைத்தால் சொல்லுங்கள், வேறு கம்பெனியாக இருந்தால் வருகிறேன்.

மார்க் கேட்டால்: காவிட் வீட்டுக்கு ஐந்துக்கு ஐந்து. கார் மியூசியம் நாலரை. நினைவிடம் நாலு, பாதி மார்க் அந்தத் தேவதைகளுக்காக. வேன், வழிகாட்டி, மால் எல்லாம் சேர்த்து அரை, அதுவும் டிரைவர் வழியில் தண்ணீர் பாட்டில் கொடுத்ததால். நீங்கள் போவதாக இருந்தால் சொந்தமாகப் போங்கள், காலை எட்டு மணிக்கே காவிட்டில் இருக்கிற மாதிரி கிளம்புங்கள், தெஹேரோஸ் கதையை முன்னாடியே படித்துவிட்டு உள்ளே நுழையுங்கள். பாதுகாவலர்களிடம் பேச்சுக் கொடுங்கள்.

வேன் எங்களை அங்கேயே விட்டுவிட்டது, வீட்டுக்குக் கொண்டுபோய் விடுவது பேக்கேஜில் இல்லையாம். இந்த ஊர் ஷேர் வண்டியான ஜீப்னியில் ஏறினோம். காசு எடுக்கப் பர்ஸைத் திறந்தபோது மச்சினன் கையை நீட்டி இரண்டு 5 பெசோ நாணயங்களைப் பொறுக்கினான். பழையதில் அகினால்டோ, 2017க்குப் பிறகு வந்ததில் போனிஃபாசியோ. அந்த இடத்தைப் பறிகொடுத்தாகிவிட்டது என்று காட்டிச் சிரித்தான். ஒரு 20 பெசோ நாணயத்தையும் சேர்த்தேன், அதில் கேசான். முன்னால் இருந்தவர் கைமாற்றிக் கைமாற்றி டிரைவரிடம் கொடுத்தார், டிரைவர் யார் முகம் என்று பார்க்காமலே மூன்றையும் ஒரே டப்பாவில் போட்டுவிட்டு கியரை மாற்றினார்.